தூறல் என்று சொன்ன குரல்

உங்களை நம்பியவரின் வீட்டுக்குள் போய், “நான் சொன்னது பொய்” என்று சொல்லும் துணிச்சல் உங்களுக்கு உண்டா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். நான் சொல்லப்போகும் பெண்மணியும் தனக்கு அது இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்.

வானொலி நேயர்களுக்கு அவர் மழையக்கா. மழைக்காலத்தில் மட்டும் வரும் மாலை அரட்டையில் பேசுவதால் வந்த பெயர். கூடப் பேசுகிறவருக்கு ‘புரொபசர்’ என்று பட்டம். கல்லூரிப் பக்கம் அதிகம் ஒதுங்காதவர், ஆனால் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். புது நாடகம், தொலைக்காட்சித் தொடரில் மூன்றாவது தடவையாகச் செத்துப் பிழைத்த கதாநாயகி, மின்னல் எப்படி உண்டாகிறது, பெட்ரோல் விலை என்று எல்லாம் வரும். மழையக்காவுக்குப் பிடித்த பகுதி மூடநம்பிக்கையைக் கிழிப்பது. “தலையெழுத்துன்னு ஒண்ணு இருந்தா, அது யார் கையெழுத்துன்னு காட்டுங்க பார்ப்போம்” என்பார். நேயர்கள் சிரிப்பார்கள். யோசிக்கவும் செய்தார்கள்.

நேயர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த அரட்டை கோடையிலேயே பேசி முடிக்கப்பட்டது. மின்விசிறிச் சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், “மழையை ஏத்தட்டுமா?” என்று கேட்பார். கணினியிலிருந்து மழை பெய்யும். உடனே மழையக்கா, “நேரலையில உங்ககூட நாங்க. ஜன்னல் வழியா பார்க்கறேன், சும்மா தூறல்தான். பயப்படாம வேலையைப் பாருங்க” என்று கொஞ்சுவார். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

இந்த ஆண்டு அந்தத் தூறல் பகுதி ஒலிபரப்பான மாலையில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மழையக்கா தன் வீட்டு இரண்டாம் மாடியில் இருந்தார். கீழே தெருவில் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. வானொலியில் அவருடைய குரல் தூறல் என்றது. அவர் நிலையத்துக்குப் போன் செய்யவில்லை. தன் சிரிப்பு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே தெருவின் தாழ்ந்த முனையில் ஒரு தையல்கடை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, “மெஷினை எல்லாம் மாடிக்குத் தூக்குங்க!” என்று கத்தியிருக்கிறார்.

“அட போங்க! மழையக்கா இப்பத்தான் சொல்லுது, வெறும் தூறலாம். ஸ்டேஷன் உசரத்துல இருக்கு. அங்கேருந்து பார்த்தா தெரியாதா?” என்று தையல்காரர் துணியை வெட்டிக்கொண்டே இருந்தார்.

வருஷக்கணக்காகத் தூர் வாராத கால்வாய் உடைந்தது. தண்ணீர் கடைக்குள் புகுந்ததில் துணி அலமாரி சாய்ந்து அவர் மனைவியின் வலக்கை மேல் விழுந்தது. காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அந்தக் கைதான். இனி விரல்கள் முழுசாக மடங்குமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்ததும், நடந்ததைக் கேள்விப்பட்டு மழையக்கா பார்க்கப் போனார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். தையல்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“நீங்க என்ன பண்ணுவீங்கக்கா? உங்க ஸ்டேஷன் பக்கம் தூறலாத்தான் இருந்திருக்கும்.”

மழையக்கா ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அன்று சோற்றில் கை வைக்கவே கூசியது.

மறுநாள் நிலைய இயக்குநரிடம் போய், “உண்மையைச் சொல்லிடலாம் சார். ரெண்டு நிமிஷம் மைக் குடுங்க” என்றார்.

“ஏம்மா, வெள்ளத்தை நாமளா விட்டோம்? எல்லா இடத்துலயும் இப்படித்தான் ஓடுது.”

புரொபசர் தோளைத் தட்டினார். “கேக்கறவங்க காதுல ஈரம் பட்டா போதும். அது மேகத்துலேருந்து வந்துதா கம்ப்யூட்டர்லேருந்து வந்துதான்னு யாரு கேக்கப் போறா?”

மைக் கிடைக்கவில்லை. பருவம் முழுவதற்குமான பேச்சு ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அவர் இல்லாமலே அவர் குரல் ஓடும்.

மீண்டும் தையல்கடைக்குப் போனார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்த மனைவி சொன்னார்: “விடுங்கக்கா. என் தலையெழுத்து.”

அந்தச் சொல்லை ஊரிலிருந்து ஒழிப்பேன் என்று கிளம்பியவர் மழையக்கா. இப்போது அதே சொல் அவருக்குக் குடை பிடிக்க வந்து நின்றது. பேசாமல் ஒதுங்கினால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நினைப்பு வந்ததுதான் தன்னை மிகவும் குன்ற வைத்தது என்றார் என்னிடம்.

“தலையெழுத்து இல்லைம்மா. நான் பொய் சொன்னேன். அதைக் கோடையிலேயே பேசிட்டோம். நான் எதையும் பார்க்கலை.”

தையல்காரருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. “அப்ப அந்த மழைச் சத்தம்?”

“அதுவும் பதிவு பண்ணதுதான்.”

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. மனைவியின் கையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். மனைவிதான் கேட்டார்: “எங்ககிட்ட சொல்லிட்டீங்க. இன்னைக்கும் உங்களை நம்பி உக்காந்திருக்கறவங்ககிட்ட?”

மழையக்கா வேலையை விட்டுவிட்டார். தன்னைப் பற்றி எதையும் பூசி மெழுகாமல் என்னை எழுதச் சொன்னதும் அவர்தான்.

வெள்ளம் இயற்கை. தூர் வாராதது அலட்சியம். இல்லாத ஜன்னல் வழியே பார்த்ததாகச் சொன்னது அயோக்கியத்தனம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விதியின் தலையில் ஏற்றிவிடுவது நம் சோம்பேறித்தனம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அரட்டை ஓடிக்கொண்டிருக்கலாம். நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். எப்போது பேசியது என்று கேளுங்கள். அதை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அறிவிக்கும்வரை விடாமல் கேளுங்கள்.