நான் முன்மொழிந்த பெண்

இப்போது எல்லோரும் அவளை ‘அம்மா’ என்கிறார்கள். அறுபது வயதுக்காரர்கள்கூடத் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் என்னைவிட நான்கு வயது சின்னவள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில், மூன்று வருஷம் என் பக்கத்து மெஷினில் நின்றவள். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்க, ஒரே மில் பஸ்ஸில் ஒன்றாக வீடு திரும்பியிருக்கிறோம்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையைப் பார்த்துக் கிடக்கும் ஊர். அவள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். அவள் அப்பா ஆலங்குளம் பக்கம் லாரி ஓட்டியவர். கண் பார்வை மங்கியதும் வீட்டோடு இருந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி முடித்த பெண் அதனால்தான் மில்லுக்கு வந்தாள். முதல் நாளே சூப்பர்வைசரிடம், ஷிப்ட் நேரம் எழுதிய பலகையில் ஒரு தப்பு இருக்கிறது என்று சொன்னாள். அவர் திருத்தினார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தோம்.

ஒரு சுதந்திர தினத்தில் மில் லீவு. “அக்கா, கெராம சபைக்கு வாரியா?” என்றாள். எனக்குக் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து எட்டு வருஷம். அதுவரை ஒரு கிராம சபைக்கும் நான் போனதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை உட்கார வைத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு, மிட்டாய் கொடுத்து அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றும் அப்படித்தான் நோட்டு சுற்றி வந்தது. அவள் கைக்கு வந்ததும் அவள் பேனாவை மூடினாள்.

“கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி தீர்மானத்த வாசிங்க சார்.”

ஊராட்சிச் செயலர் திகைத்துப்போய்த் தலைவரைப் பார்த்தார். தலைவர் பெரிய தென்னந்தோப்புக்காரர். அவருக்கு முன்னால் அவர் அப்பா தலைவராக இருந்தார். தலைவர் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்.

“ஏட்டி, நீ யாரு மக?”

“யாரு மகன்னு பொறவு சொல்லுதேன் ஐயா. மொதல்ல வாசிக்கச் சொல்லுங்க.”

குரலை உயர்த்தவே இல்லை. மெஷின் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய எங்களுக்கு அந்தத் தணிந்த குரல்தான் ஆச்சரியம். செயலர் வாசிக்க ஆரம்பித்தார். கண்மாயின் வரத்துக்கால் தூர்வாரியாயிற்று என்று மூன்றாவது தீர்மானத்தில் இருந்தது. மலையிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தக் கால்வாய் எங்கே இருக்கிறது என்றே எனக்கு அன்றுவரை தெரியாது. நூறு நாள் வேலையில் அங்கே ஒரு கூடை மண்கூட அள்ளியிராத பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று நோட்டில் பாதிப் பேர் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. தோப்புக்காரர் தன் மருமகளை நிறுத்தினார். நோட்டீஸில் அந்தப் பெண்ணின் படம் ஸ்டாம்பு அளவில் இருந்தது, மாமனார் படம் முக்கால் பக்கத்துக்கு இருந்தது. இவள் ஒரு நாள் மத்தியானம், ஷிப்ட் விட்டு பஸ்ஸுக்கு நிற்கையில், “நானும் நிக்கப் போறேன்க்கா. முன்மொழிய ஒரு ஆள் வேணும். நீ போடுதியா?” என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் அந்தத் தோப்பில்தான் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் கடப்பாரையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அவிய தோப்புல வேல பாத்துக்கிட்டு அவியளுக்கு எதிரா எப்படிட்டி போடுவ?”

“வேற யாரும் போட மாட்டாங்கன்னுதான் எங்கிட்ட கேக்கா.”

அவர் இன்னும் நாலைந்து காய் உரித்தார். பிறகு, “போடணும்னு தோணுச்சுன்னா போடு. பொறவு அழக் கூடாது” என்றார். மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் என் பெயரை எழுதினேன். அந்த வாரமே அவரைத் தோப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு குடோனுக்கு மூட்டை தூக்கப் போனார். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

அவளுக்குப் பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. எதிர்ப்பக்கம் இரண்டு ஆட்டோ, மைக் செட், மேளம். இவள் காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு ஒரு நோட்டோடு கிளம்புவாள். ஓட்டுக் கேட்க மாட்டாள். “வீட்ல என்ன கொறை?” என்று கேட்டு எழுதிக்கொள்வாள். இரண்டாம் சுற்றில் நான் கூடப் போனேன். நோட்டைப் பிரிக்காமலே, “முதியோர் பென்ஷன் மனு என்னாச்சுன்னு தாலுகா ஆபீஸ்ல கேட்டேன், உங்க ஆதார்ல வயசு தப்பா இருக்காம்” என்கிற மாதிரி, ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டுச் சேதியைச் சொல்லிக்கொண்டு போனாள். எந்த வீட்டில் எந்தக் குறை என்று அவளுக்கு மனப்பாடம். எனக்கு எங்கள் தெருவிலேயே பாதிப் பேருடைய கஷ்டம் தெரியாது. அந்தத் தெருவில் நடந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், இவள் யார், எங்கிருந்து வந்தாள் என்று திகைப்பாகவும் இருந்தது.

ஜெயித்தாள். கொஞ்ச வித்தியாசம்தான். ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து வெளியே வந்தவள் மாலையை அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

பதவிக்கு வந்த முதல் வருஷம் அவள் செய்ததைத்தான் எங்கள் ஊர் இன்றும் பேசுகிறது. கண்மாய் நிரம்பிப் பல வருஷம் ஆகியிருந்தது. அய்யனார் கோவில் பக்கம் மலையில் நல்ல மழை பெய்து அருவி கொட்டும், எங்கள் கண்மாயில் ஆடு மேயும். அவள் தாலுகா அலுவலகத்தில் பழைய வரைபடத்தின் நகலை வாங்கிக்கொண்டு, மலையடிவாரத்திலிருந்து கண்மாய்வரை வரத்துக்கால் போன வழியில் நடந்தாள். நாங்கள் ஏழெட்டுப் பெண்களும் கூட நடந்தோம். பாதி தூரத்துக்குக் கால்வாயே இல்லை. தோப்புக்காரரின் தென்னைகள் நேராக அதன் மேல் நின்றன. அதற்குக் கீழே ஒரு வாழைத்தோட்டம் கால்வாயின் அகலத்தில் முக்கால்வாசியை விழுங்கியிருந்தது. அது அவளுடைய சொந்தச் சித்தப்பாவின் தோட்டம்.

தாசில்தாரும் சர்வேயரும் அளந்து கல் ஊன்றிய பிறகு, பொக்லைன் வந்தது. முதலில் எங்கே என்று டிரைவர் கேட்டார். தோப்புக்காரர் ஆட்களோடு தன் வேலியோரம் தயாராக நின்றார். அவள் கீழே கையைக் காட்டினாள்.

“அந்த வாழைத்தோட்டத்துல ஆரம்பிங்க.”

சித்தப்பா ஓடி வந்தார். குலை தள்ளிய வாழைகள். “ஏட்டி, ஒன்னயத் தூக்கி வளத்த கையி இது. இன்னும் ஒரு மாசத்துல வெட்டுக்கு வந்துரும்டி” என்று கதறினார். மண்ணை வாரி அவள் மேல் தூற்றினார். அவள் தலையில் விழுந்த மண்ணைத் தட்டவில்லை.

“ஒரு மாசத்துல மழயும் வந்துரும் சித்தப்பா,” என்றாள். “நம்ம எடத்த விட்டுட்டு அடுத்தவன் எடத்துல நான் எப்படிக் கை வைக்கிறது?”

வாழைகள் சாய்ந்தன. அவள் கடைசி வாழை விழும்வரை அங்கேயே நின்று பார்த்தாள். பிறகு வண்டி மேலே ஏறியது. தோப்புக்காரர் வேலியோரத்திலிருந்து ஒதுங்கி நின்றார். அவருடைய ஆட்களே முள்வேலியைச் சுருட்டி வழிவிட்டார்கள். நான் அந்த ஆட்களில் சிலரின் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை, கோபமும் இல்லை. கோயிலில் நடை திறக்கும்போது வாய் திறந்து நிற்போமே, அப்படி நின்றார்கள்.

ஐப்பசியில் மலையில் அடைமழை. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள், தண்ணி வருதுன்னு. நான் அன்று வேலைக்குப் போகவில்லை. ஊரே கரையில் நின்றது. செம்மண் கலந்த தண்ணீர் சருகும் சுள்ளியும் நுரையுமாகத் தவழ்ந்து வந்தது. முதலில் ஒரு முழ அகலம்தான். குழியில் நின்றது, நிரம்பியது, மறுபடி நகர்ந்தது. அதன் கூடவே ஜனங்கள் நடந்தார்கள். கண்மாய்க்குள் அது விழுந்த சத்தம் கேட்டதும் நடந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அவள் சித்தப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றார். அவளோடு பேசவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் பேசவில்லை. ஆனால் அன்று தண்ணீரில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு போனார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு பெரிய கட்சி அவளைக் கூப்பிட்டது. சேர்ந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை, அவளிடமே சொன்னேன். “ஒரு ஊருக்குப் பூட்டு சாவி போதும்க்கா. அதுக்கு மேல போகணும்னா பெரிய வண்டியிலதான் ஏறணும்” என்றாள். அவள் சொன்னது சரியா தப்பா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சட்டமன்றத் தேர்தலில் எங்கள் மாவட்டத்தில் ஒரு தொகுதியில் நிறுத்தினார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஜெயித்துச் சென்னைக்குப் போனாள்.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்க முடியவில்லை. ஒரு அரசு விடுதியில் காவலாளி வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அலுவலகத்துக்கு அவளைப் பார்க்கப் போனேன். வரிசையில் நின்றேன். ‘அம்மா’ என்று கூப்பிட வாய் வரவில்லை, பெயர் சொல்லவும் தைரியமில்லை. சும்மா நின்றேன். அவளே எழுந்து வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் நீட்டிய மனுவைப் படித்தாள்.

“இதுக்குப் பதிவு மூப்புப்படிதான்க்கா ஆள் எடுப்பாங்க. லிஸ்ட்ல மொதல்ல ஒரு கால் இல்லாதவரு இருக்காரு. நான் போன் பண்ணா அவரு பேரு கீழ போயிரும்.”

“எங்க வீட்டுக்காரருக்குத் தோப்பு வேல போனது ஒன்னாலதானே?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு உடம்பெல்லாம் கூசியது. அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

“ஆமாக்கா. என்னாலதான்,” என்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. “அதுக்கு அண்ணன் கால்ல வேணும்னாலும் விழுவேன். இத மட்டும் செய்ய மாட்டேன்.”

பஸ்ஸில் திரும்பும்போது அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “சரி, சோத்தப் போடு” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள், போலீஸ்காரர் யாரும் இல்லாமல். அவரோடு தனியாக ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று அவர் இதுவரை சொல்லவில்லை. நான் காபி மட்டும் கொடுத்தேன், பேசவில்லை. இப்போது அவர் கண்மாய்க்கரையில் ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

இந்த வருஷம் ஒரு நாள் மில் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் சட்டமன்றத்தைக் காட்டினார்கள். அவள் எழுந்து நின்றாள். தணிந்த அதே குரல்.

“எட்டு மணி நேரம் நின்னு வேல பாக்குற பொண்ணு தண்ணி குடிக்கப் பயப்படுறா. கழிப்பறை தூரத்துல இருக்கு, போயிட்டு வர்ற நேரத்தக் கணக்குப் பாக்குறாங்க. நானும் அப்படிப் பயந்தவதான்.”

கேண்டீனில் யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. எங்கள் சூப்பர்வைசர் சத்தத்தைக் கூட்டினார். அவ்வளவு பெரிய மன்றத்தில், அவ்வளவு பெரிய மனிதர்கள் நடுவில், நாங்கள் வீட்டில்கூட வெளியே சொல்லாத ஒன்றை ஒருத்தி கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் தொழிலாளர் துறையிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் மில்லிலும் பார்த்துவிட்டுப் போனார்கள். வைண்டிங் பிரிவுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கழிப்பறை கட்ட அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். இடைவேளையில் நாங்கள் போய், செங்கல் அடுக்குவதைப் பார்த்துவிட்டு வருகிறோம்.