கத்திரி வெயிலில் தங்கையோடு திருவெண்ணெய்நல்லூர்

கத்திரி வெயிலில் யாரும் விரும்பிப் பயணம் கிளம்புவதில்லை. எங்களுக்கு வேறு வழியில்லை. என் தங்கை கமலாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் முதல் பிள்ளை, ஆறாம் மாதம். அவள் கணவர் ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருக்கிறார். திருவெண்ணெய்நல்லூருக்கு அப்பால் பெண்ணையாற்றங்கரைக் கிராமத்தில் மாமியார் கால் ஒடிந்து படுத்திருந்தார். மருமகளை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் அம்மா அனுப்ப மாட்டாள். அதனால் சென்ற மே மாதம், ஒரு திங்கட்கிழமை கிளம்பினோம்.

திண்டிவனத்தில் ஏழே முக்கால் ரயிலைப் பிடித்திருக்க வேண்டும். ராகு காலம் கழியட்டும் என்று அம்மா நிறுத்தி வைத்தாள். பத்து மணி பாசஞ்சரில் இருபத்து மூன்று மைல் போய் விழுப்புரத்தில் இறங்கும்போது பிளாட்பாரம் கொதித்தது. ஸ்டேஷன் வாசலில் நுங்கு விற்றார்கள். நான் இரண்டு கை நிறைய வாங்கித் தின்றேன். கமலா தொடவில்லை.

"வேணாம்க்கா. அப்புறம் வழியில எங்க போய் ஒதுங்கறது?"

பயணம் என்றால் முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து பதினான்கு மைல் பஸ். கட்டணம் அறுபது பைசா. ஜன்னலோரம் உட்காராதீர்கள், காற்று அனலாக அடிக்கிறது. திருவெண்ணெய்நல்லூரில் கூண்டு வண்டி கிடைக்கவில்லை. கோவிந்தன் என்பவருடைய மொட்டை வண்டியில் ஏறினோம். இன்னும் மூன்று மைல்.

"இன்னாம்மா, வெயிலு மண்டையப் பொளக்குது. முந்தானைய தலைமேல போட்டுக்கினு குந்துங்க" என்றார் கோவிந்தன்.

கமலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முக்காடா? அவரு எல்லையில இருக்கறப்ப நான் முக்காடு போடறதா?"

கோவிந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு மைல் போயிருப்போம். கமலாவின் முகம் சிவந்து, உதடு வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அக்கா, காலையிலேருந்து உள்ள அசைவே இல்ல."

ஒரு கரும்புத் தோட்டத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். குளிக்க எடுத்து வந்த துண்டை நனைத்தேன். அவள் தலையில் வைத்தால் தட்டிவிடுவாள் என்று தெரியும். அதனால் கோவிந்தனைப் போலவே அதை என் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டேன்.

"ஜோரா கீதுங்கம்மா! நாட்டாமை மாதிரியே கீறீங்க!"

கமலா சிரித்தாள். "பி.ஏ. படிச்சது இதுக்குத்தானா?" பிறகு, "எனக்கும் ஒண்ணு கட்டு."

அவளைப் புங்கமர நிழலில் உட்கார வைத்து, குழாயடியில் சொம்பைப் பிடித்தேன். தயங்கினாள்.

"எவ்வளவு வேணாலும் குடி. கரும்பு ஆளுயரம் நிக்குது. நான் காவல் இருக்கேன்."

கோவிந்தன் எதுவும் காதில் விழாதவர் போல மாட்டை அவிழ்க்கப் போனார். திரும்பி வந்தவர் தம் தூக்குவாளியைத் திறந்தார். "கேப்பக் கூழுங்க. மோரு ஊத்திக் கரைச்சது. குடிப்பீங்களான்னு தெரியல."

நான் பதில் சொல்லுமுன் கமலா கை நீட்டினாள். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பாதி வாளியைக் காலி செய்தாள்.

"அட, எனுக்கு எதுனா மிச்சம் வையிம்மா!"

கால் மணி நேரம் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் என் கையை இழுத்து வயிற்றின் இடப்பக்கம் வைத்தாள். உள்ளிருந்து ஒரு உதை. உடனே இன்னொன்று.

இந்தப் பக்கம் கோடையில் வருகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். புளிச்சோறு கட்டாதீர்கள், தாகம் எடுக்கும், மோர்ச்சோறு நல்லது. பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வழியில் ஒதுங்க இடம் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கேளுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். நாங்கள் பொழுது சாயும்வரை அந்த மரத்தடியிலேயே இருந்தோம். அதற்குள் கமலா மூன்று முறை கரும்புக்குள் போய்வந்தாள்.