ஒரு பல்லுக்கு இம்புட்டுக் கத்தலா

பல்லைப் பிடுங்கிய அன்று எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல், வெகுநாள் சொத்தை. பஞ்சைக் கடித்துக்கொண்டு சிவகாசியிலிருந்து டவுன் பஸ்ஸில் நாரணாபுரம் வந்து, ஆறிய கஞ்சி குடித்தேன். இன்றைக்கு வாய் கொப்பளிக்காதே, எச்சில் துப்பாதே என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். எங்களோடு இருக்கும் அம்மாதான் விடவில்லை. "கெட்ட ரத்தம் உள்ள தங்குச்சுன்னா சீழ் வச்சிரும், நல்லாக் கொப்பளிச்சுத் துப்பு" என்று உப்புத்தண்ணிச் சொம்போடு நின்றாள். டாக்டரை ஒரு நாள் பார்த்தால் போதும், அம்மாவைத் தினமும் பார்க்க வேண்டும். குழியில் உறைந்திருந்த ரத்தம் கட்டியாக வந்து விழும்வரை கொப்பளித்தேன். அதுதான் புண்ணுக்கு மூடி என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் ஆரம்பித்தது. தாடையில் தொடங்கி, காதுக்குள் ஏறி, நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. மாத்திரை போட்டால் அரைமணி நேரம் அடங்கும். வாய் நாறியது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் தாள் அடுக்குவது என் வேலை. சீசன் நேரம் வேறு. நான் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "ஒரு பல்லுக்கா இந்தப் பாடு?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அவர் வாயில் எத்தனை பல் மிச்சம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. வாயைத் திறக்க முடியாததால் தப்பித்தார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்கள் வீட்டில் தனக்கு வந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. காரணம் என் அக்கா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்து, இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோயின. அதிலிருந்து யாருக்கு எது வலித்தாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "ஒங்க அக்கா வாயத் தொறந்தாளா?" எனக்குக் கால் பிசகியபோதும் இதைச் சொன்னாள். பிரசவ வலியிலும் சொன்னாள். அக்காவை எனக்குப் பிடிக்கும். அந்தக் கதையைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான்காம் நாள் காலையில் அம்மா மறுபடியும் சொம்பை நீட்டினாள். வாங்கிச் சுவரில் அடித்தேன்.

"வலிக்குது! எனக்கு வலிக்குது! எவ எம்புட்டுத் தாங்குனா எனக்கென்ன?"

தெருவே கேட்டிருக்கும். அம்மா அசரவில்லை. "கையெல்லாம் வெந்து கெடந்தப்பக்கூட அவ ஒரு சத்தம் போடல. ஒனக்கு ஒரு பல்லுக்கு இம்புட்டுக் கத்தலா?" என்றாள்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்த எம். புதுப்பட்டியிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "நீயும் ஒன் பங்குக்குச் சொல்லிட்டுப் போ" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் சத்தம் போடலன்னு ஒனக்கு யாரு சொன்னா? கட்டுப் பிரிக்கும்போது ஒன்னய வார்டுக்குள்ள விடலம்மா. தெனமும் கத்துனேன். ஒரு நர்ஸக் கடிச்சே வச்சேன். ஆத்தா அப்பன்னு ஒருத்தர் விடாம வஞ்சேன். நீ உள்ள வரும்போது தொண்ட கட்டிப்போயிரும். அதான் பேசாமக் கெடந்தேன்."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?" என்று நான்தான் கேட்டேன்.

"எல்லாரும் பெருமையாச் சொன்னாக. எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றவள், "கெளம்புட்டி, டாக்டருகிட்டப் போவோம்" என்றாள். அம்மாவும் சேலையை மாற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

டாக்டர் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "உறைஞ்ச ரத்தம் போயி எலும்பு தெரியுது. காத்துப் பட்டாலே உயிர் போகுமே. கொப்பளிச்சீங்களா?" என்றார். "நாந்தான் கொப்பளிக்கச் சொன்னேன்" என்றாள் அம்மா. குழியைக் கழுவி, கிராம்பு வாசம் அடிக்கும் மருந்துத்துணியை வைக்கப் போகும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார்.

"பொறுக்க மாட்டேன் டாக்டர், கத்துவேன்."

கத்தினேன். வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டதாக அக்கா பிற்பாடு சொன்னாள். போகட்டும். இன்னும் இரண்டு மூன்று தடவை துணி மாற்ற வேண்டும், சதை மூட நாளாகும் என்றார் டாக்டர். எத்தனை தடவையானாலும் இதே சத்தம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் வலி இறங்க ஆரம்பித்தது. அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அக்காவின் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிச்சுச்சாட்டி?"

ஒன்பது வருஷத்தில் அம்மா அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"இப்பவும் வலிக்கும்மா" என்றாள் அக்கா.