டச்சிங் பண்ணாத படம்

செங்கல்பட்டு ராட்டினக்கிணறு பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ரஹ்மத்துல்லாவைப் போட்டோகிராபர் என்று சொன்னால் பாதிதான் சரி. படம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவர் பெயர் வாங்கியது டச்சிங்கில். அம்மைத் தழும்பு முகங்கள் தெருவுக்குப் பத்து இருந்த காலம் அது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்தில் தழும்பு தெரியக்கூடாது என்று செய்யூரிலிருந்துகூட ஆள் வருவார்கள். நெகட்டிவைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசியாகச் சீவிய பென்சிலால் ஒவ்வொரு குழியாக நிரப்புவார். பிரிண்ட் போட்டால் முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் திடுக்கிட்டால் அது அவர் தலைவலி இல்லை.

ஒரே ஒரு முகத்தில் அவரே மாட்டிக்கொண்டார். 1966-இல் கோவளத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர், பத்தொன்பது வயது மகளைப் படம் எடுக்க அழைத்து வந்தார். பெயர் அக்தர் பேகம். இரண்டு கன்னத்திலும் குழி. மூன்று நாள் உட்கார்ந்து அந்தக் குழிகளை அடைத்தவருக்கு, நான்காம் நாள் படத்தை வேறு எவனுக்கும் அனுப்ப மனம் வரவில்லை. ஆள் விட்டுப் பெண் கேட்டார்.

கல்யாணமாகி வந்தவள் கண்ணில் முதலில் பட்டது, கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்த டச்சிங் படம்தான். தன் கைவேலையில் அதுதான் உசத்தி என்று பெருமைக்காக மாட்டியிருந்தார். மனுஷனுக்கு எவ்வளவு மூளை பாருங்கள்! எட்டு வருஷம் அவள் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவருக்குச் சோறு போட்டாள். இவர் கட்டிக்கொண்டது சுவரில் இருக்கிறவளைத்தான் என்று அவளுக்குள் ஒரு முடிவு விழுந்துவிட்டது. அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

1974-இல் பினாங்கிலிருந்து அவள் அண்ணன் ஜெயினுலாபுதீன் கடிதம் போட்டார். அங்கே ஒரு டாக்டர் முகத்தோலைச் சுரண்டி அம்மைத் தழும்பை எடுக்கிறாராம். தங்கச்சி வந்தால் செலவு தன்னுடையது என்று எழுதியிருந்தார்.

"போய்ட்டு வரட்டா மச்சான்?" என்று கேட்டபோது அவள் பார்த்தது புருஷனை இல்லை, சுவரை. எனக்கு நீ இப்படியே போதும் என்று சொல்ல ரஹ்மத்துல்லாவுக்கு வாய்வரை வந்தது. "உன் இஷ்டம்," என்றார்.

கன்னத்தைச் சுரண்டிக் கட்டுப் போட்ட பினாங்கு டாக்டர், ஒரு மாதம் தங்கிக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். ஆனால் பன்னிரண்டாம் நாள் மெட்ராஸ் கப்பல். அதை விட்டால் அடுத்தது மூன்று வாரம் கழித்து. அவளுக்கோ புது முகத்தைக் கொண்டுபோய்க் காட்டும் அவசரம். புருஷன் போட்டோகிராபர் என்று கேள்விப்பட்ட டாக்டர், "அப்படியானால் படம் எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்," என்று ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பினார். கப்பலில் ஏழு நாள். கீழ்த்தட்டுப் புழுக்கம், நூறு பேர் புழங்கும் குழாயடி, யார் யாரோ முகம் துடைத்த துண்டு. இன்னும் தோல் மூடாத கன்னத்துக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

வீட்டுக்கு வந்து துப்பட்டியை விலக்கியபோது இடது கன்னம் சிவந்து, அங்கங்கே சீழ் கோத்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் வா," என்றார் ரஹ்மத்துல்லா.

"இங்க இவங்களுக்கு இன்னா தெரியும்? தண்ணி வடியும்னு செஞ்சவரே சொல்லிகீறாரு. நீங்க படம் எடுத்து அனுப்புங்க மச்சான்."

எடுத்தார். நெகட்டிவ் காய்ந்து பலகையில் ஏறியது. படம் முதலில் பினாங்கில் மச்சினர் கைக்குத்தான் போகும், மனுஷன் பதறிவிடுவார் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். உண்மை அது இல்லை. பெண் முகத்தில் குறை தெரிந்தால் பென்சிலை எடுத்தே பழகிய கை அது. ஒரு புண்ணை அடைத்தார். பக்கத்தில் இருந்தது உறுத்தியது, அதையும் அடைத்தார். அவர் நிமிர்ந்தபோது பலகையில் கன்னம் ஆறியிருந்தது.

பதினோராம் நாள் பதில் வந்தது. நன்றாக ஆறி வருகிறது, அதே களிம்பைத் தொடரவும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதற்குள் கன்னம் கல்லாக இறுகி, காய்ச்சல் இரண்டு நாளாக இறங்காமல், வீக்கம் மேலே ஏறி இடது கண் மூடிப்போயிருந்தது. அந்தக் கோலத்திலும் அக்தர் பேகம் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தீங்களா? ஆறிகினு வருதாம்!"

ரஹ்மத்துல்லா கடிதத்தை வாங்கி ஓரமாக வைத்தார். "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அதான் லெட்டர் வந்துகீதே."

"லெட்டரு படத்துக்கு வந்துது, உன் முகத்துக்கு வர்ல. புண்ணையெல்லாம் நான் பென்சில் போட்டு அழிச்சிட்டேன்."

திறந்திருந்த ஒரு கண்ணால் அவரைப் பார்த்துவிட்டு, துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லோகநாயகி கேள்வி மேல் கேள்வி கேட்டார். அங்கே என்ன ஊசி போட்டார்கள், இது என்ன களிம்பு, சீட்டு ஏதாவது உண்டா? எதுவும் இல்லை. ரஹ்மத்துல்லா பென்சில் விஷயத்தையும் சொல்லி முடித்தார்.

"செஞ்சவர் கடலுக்கு அந்தப் பக்கம், பார்க்கிறவ நான் இந்தப் பக்கம். நடுவுல ஒரு போட்டோ, அதுலயும் பொய்," என்று டாக்டர் சீறினார். "கண்ணு நிக்குமான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்."

கண் நின்றது. மூன்று இடத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். இருபத்து மூன்று நாள் படுக்கை. குழிகள் இருந்த இடது கன்னத்தில் இப்போது கயிறு கயிறாகத் தழும்பு, வாயின் ஓரம் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டது. அந்த இருபத்து மூன்று நாளும் அவள் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முந்தின நாள், ரஹ்மத்துல்லா ஸ்டுடியோவில் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்தார். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, எட்டு வருஷத்துக்கு முன் போட்ட பென்சிலை மெதுவாகத் துடைத்தார். குழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிரிண்ட் போட்டுப் பழைய சட்டத்திலேயே மாட்டினார்.

வந்தவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். "யாரு இது?"

"நீதான். பென்சில் படுறதுக்கு மின்னாடி கேமராவுல நான் பாத்த நீ. இவளத்தான் நான் கேட்டுக் கட்டிகினேன்."

டச்சிங் இல்லாத தன் படத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. கிட்டப் போய் விரலால் அந்தக் கன்னத்துக் குழிகளைத் தொட்டாள். பிறகு அதே விரலைத் தன் கன்னத்துத் தழும்பில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான மச்சான் இருந்துகீறேன்," என்றாள். "இத்த ஏன் எங்கிட்ட மின்னியே காட்டல?"