எரியாத கட்சிக்காரர்

தங்கவேலு டிரஸ்ஸர் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பெக்கோக் ஸ்டேஷன் போர்ட்டர். செவ்வாய்க்கிழமை காலை, ரப்பர் பால் நிறுக்கும் நேரம். வாளிகள் வரிசையில் நிற்கின்றன, கணக்கெழுதும் கிராணியான என் கையில் பென்சில். "கிராணியாரே, உலு திராம்ல இருந்து சேதி வந்திருக்கு. உங்க பழைய டிரஸ்ஸர் தவறிட்டாராம்" என்றார். "யாரு சொன்னது? பேரைச் சரியா கேட்டீங்களா?" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். பாவம், சேதி சொல்ல வந்த மனிதர் என்ன செய்வார்? பென்சிலை யார் கையிலோ திணித்துவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடினேன்.

அவரை அறிந்தவர்கள் ஜொகூரில் ஆறேழு தோட்டங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது என்பதும் உண்மை. இரண்டு வாரமாக உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கேயாவது போகத் தோன்றுகிறது. போக இடமும் இல்லை.

அவர் மருந்து கொடுத்த எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி அலமாரியில் கொயினாவும் விளக்கெண்ணெயும் புண்ணுக்குப் போடும் களிம்பும் இருக்கும். மற்றதெல்லாம் டிரஸ்ஸருடைய வாயில் இருந்த புராணம். காய்ச்சல் காலத்தில் பிள்ளைகள் கசப்புக் கொயினாவைத் துப்பிவிடும். இவர் பாற்கடல் கடைந்த கதையைச் சொன்னார். நஞ்சைக் குடித்த சாமிக்குக் கழுத்து நீலமானது என்றார். மறுநாள் ஒரு சிறுமி துணிக்குப் போடும் நீலத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டு வந்து, "நான் குடிச்சிட்டேன்" என்று சாதித்தாள். அடுத்த நாள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு நீலக் கழுத்து. தாய்மார்கள் சட்டையெல்லாம் கறை என்று கத்தினார்கள். டிரஸ்ஸர் அசரவில்லை. விழுங்கிய பிறகு தன் விரலால் தானே ஒரு பொட்டு நீலம் வைப்பதாக அறிவித்தார். அதற்காகவே வரிசையில் நின்று குடித்தார்கள். துரை வந்து பார்த்து இது என்ன கழுத்தில் என்று கேட்க, "உபாத், துவான்" என்று மலாயில் பவ்வியமாகச் சொன்னார். 'மருந்துதான், துரையே' என்று அர்த்தம்.

"சின்னப் பிள்ளைங்கள ஏமாத்துறீங்களே" என்றேன் நான்.

"கசக்காதுன்னு சொன்னாத்தான் ஏமாத்துறது. சாமிக்கே கசந்துச்சுன்னுல்ல நான் சொன்னேன்" என்றார். அவரிடம் எதற்கும் இப்படி ஒரு பதில் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் இருவருக்கும் உண்மையான சண்டை மாசி மாதத்தில்தான். காமன் பண்டிகை எல்லோருக்கும் தெரியும். தவத்தில் இருந்த சிவன்மேல் காமன் கரும்பு வில்லால் அம்பு விட்டான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், காமன் எரிந்தான். ரதி அழுது புரண்டதற்காக, அவள் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவான் என்று வரம் கொடுத்தார். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவது நம் வழக்கம். நான் எரிந்த கட்சி, டிரஸ்ஸர் எரியாத கட்சி. பதினோரு வருஷம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எதிரும் புதிருமாக நின்றோம். அதோடு விடுவாரா? எனக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துப் பொட்டலத்தின்மேல் "எரியாதவன் தருவது" என்று எழுதி அனுப்புவார்.

அந்தப் பதினோராம் வருஷம் தை மாதக் கடைசியில் என் தங்கை அஞ்சலையின் புருஷன் சின்னச்சாமிக்கு விஷக்காய்ச்சல். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் ரயிலில் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் போய்விட்டான். வெயிலானால் கொளுத்துகிறது, உடனே எடுத்துக்கொண்டு போ என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். தங்கையை வரவழைக்க ஒரு நாள் ஆகும். நான் காத்திருக்கவில்லை. அங்கேயே சுடுகாட்டில் நானே கொள்ளி வைத்துவிட்டு, அவனுடைய துண்டையும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"அவரு எங்கண்ணே?" என்று அஞ்சலை கேட்டாள். சொன்னேன். அவள் அழவில்லை.

"எரிச்சதை யாரு பாத்தா?"

"நான்தாம்மா கொள்ளி வெச்சேன்."

"நீ எரிஞ்ச கட்சி. அப்படித்தான் சொல்லுவே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவனுக்கு இலை போட்டாள்.

அன்று முதல் தினமும் இலை போட்டாள். சோறு வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். அவன் சாப்பிட்டால்தான் தான் சாப்பிடுவேன் என்றாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவில்லை. உடம்பு பாதியாயிற்று. லயத்துப் பெண்கள் பிள்ளைகளை அவள் வாசல் பக்கம் விடவில்லை. விஷயம் துரை காதுக்குப் போனது. மாதக் கடைசிக்குள் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு, காகிதம் தயார் பண்ணு என்றார். தோட்டத்தில் காகிதம் தயார் பண்ணுகிற கிராணி நான்தானே. என் கூடப் பிறந்தவளைப் பூட்டிவைக்கச் சொல்லி என் கையாலேயே எழுதினேன். டிரஸ்ஸருடைய கையெழுத்தும் வேண்டும். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "பண்டிகை முடியட்டும்" என்று மேசைக்குள் போட்டுவிட்டார்.

எனக்கோ பொறுக்கவில்லை. அழுதால் சரியாகிவிடுவாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அழவைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். அந்த வருஷ லாவணியில் காமன் எரிந்ததைப் பாடும்போது சின்னச்சாமி எரிந்ததைப் பாடினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பாடினேன், வெயிலைப் பாடினேன், விறகு போதாமல் போனதைக்கூடப் பாடினேன். கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் முகத்தைப் பார்த்தே பாடினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அஞ்சலை எழுந்து நின்றாள். "பொய்யி" என்றாள். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, "டிரஸ்ஸர் ஐயா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

அவர் முறைதான் அது. எரியவில்லை என்று பதில் பாட வேண்டும். பாடினால் என் தங்கை அந்த இலையை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். அவருடைய ஆட்கள் தாளத்தை ஆரம்பித்துவிட்டார்கள். டிரஸ்ஸர் கையிலிருந்த டேப்பைத் தரையில் வைத்தார். பாட்டுக்குத் தட்டுகிற டேப்பைக் கீழே வைத்தால் தோற்றதாக அர்த்தம். "அலமாக், என்ன செய்றாரு இவரு!" என்று அவர் கட்சிக்காரன் ஒருவன் கத்தினான்.

"எரிஞ்சது தாயி" என்றார் டிரஸ்ஸர். பாடவில்லை, பேசினார். "எரிஞ்சது நெசம். உன் கண்ணுக்கு மட்டும் தெரியறதும் நெசம். ரதிக்கு அவ்வளவுதான் வரம் கெடைச்சுது. பாக்கலாம், பேசலாம். சோறு போட வரம் கெடைக்கல."

அஞ்சலை நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றாள்.

"தெக்கே" என்றேன். மேலே சொல்ல வாயைத் திறந்தேன். போதும் என்பதுபோல டிரஸ்ஸர் என் தோளை அழுத்தினார்.

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நான் மட்டுந்தான்."

அப்போதுதான் அழுதாள். ரதி வேஷம் கட்டி, முகமெல்லாம் அரிதாரத்தோடு தன் முறைக்குக் காத்திருந்த, பால்காட்டில் மரம் வெட்டும் மாணிக்கம், தானாகவே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினான். ஒதுங்கியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஒரே நாளில் குணமாகிவிட்டாள் என்று நான் கதை விடப் போவதில்லை. பிறகும் நாலைந்து நாள் இலை போட்டாள். இரண்டாம் வாரம் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்தாள். குழாயடியில் இன்றைக்கும் சில சமயம் தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் காகிதத்தை டிரஸ்ஸர் என் முன்னாலேயே அடுப்பில் போட்டார்.

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. ஜெயித்தது நான், ஆனால் ஊர் முழுக்க அவர் பேச்சு. மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு பொறுக்காமல் நானே போய், "உண்மையச் சொல்லுங்க, எரிஞ்சான்னு நம்புறீங்களா? இல்ல, அவளுக்காகச் சொன்னீங்களா?" என்று பிடித்தேன்.

"கிராணியாரே, நாம ரெண்டு பேரும் சண்டை போட ஒரு கதைய வெச்சிருந்தோம். உங்க தங்கச்சி அதுக்குள்ள போயி குடியிருந்துச்சு. வெளியில நின்னு கத்தினா யாரு வருவா? உள்ள போயி பக்கத்துல உக்காரணும்" என்றார். கேட்டதற்குப் பதில் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு அவர் லாவணி பாடவும் இல்லை.

ஒரே ஒரு தடவை அவரிடம் மனதைத் திறந்தேன். நான் ஒரு நாள் காத்திருந்திருக்கலாம் டிரஸ்ஸரே என்றேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அதை எங்கிட்ட சொல்லி என்ன? சொல்ல வேண்டியவ லயத்துல இருக்கா" என்று ஊசியைக் கொதிக்கவைக்கப் போய்விட்டார். நான் அவளிடம் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. டிரஸ்ஸர் உலு திராமுக்கு மாற்றலாகிப் போனார். வருஷங்களும் போயின.

அன்று ரயில் பிடித்து, பஸ் பிடித்து, நான் உலு திராம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். முதல் நாளே எடுத்துவிட்டார்களாம். சாம்பலும் கரைத்தாகிவிட்டது. அவருடைய மருமகனிடம் சத்தம் போட்டேன். வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்து, மறுநாள் அஞ்சலை வாசலில் நின்றும் சத்தம் போட்டேன். "ஒரு நாள் வெச்சிருக்கக் கூடாதா? அப்படி என்ன அவசரம் அவங்களுக்கு? முகத்தைக்கூடப் பாக்கல நான்!"

அஞ்சலை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓயும்வரை புடைத்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவங்க மேல தப்பு இல்லண்ணே. வெயிலு அப்படி. நீயும் அன்னைக்கு வேற என்ன செஞ்சிருப்பே?"

இத்தனை வருஷமாக நான் கேட்கப் பயந்த மன்னிப்பை அவளாகவே கொடுத்துவிட்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

தங்கவேலு டிரஸ்ஸருடைய கதைகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அவர் எனக்கு விட்டுப்போனது என் தங்கையை.