வாத்து பஸ் ஏறின கதை

பாப்பாவுக்கு மூன்று வயது இருக்கும்போது, என் மனைவி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டிருந்த கடையிலிருந்து ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தாள். ஒரு வாத்து பஸ் ஏறிப் போகிறது. புரட்டிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை.

“இன்னாது, அச்சடிக்கிறப்ப எழுத்து விட்டுப்போச்சா?” என்றேன்.

“எழுத்து இருந்தா அதுல கீறதத்தான் படிக்கணும். இதுல நான் இன்னா சொல்றனோ அதான் கதை,” என்றாள்.

நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது கதை ஓடிக்கொண்டிருக்கும். வாத்து தங்கச்சி வளைகாப்புக்குப் போகும். வாத்துக்கு அரை டிக்கெட்தான் என்று கண்டக்டரோடு சண்டை போடும். படத்தின் மூலையில் இருக்கும் ஆட்டுக்குட்டியைப் பாப்பா விரலால் தொட்டால் அதற்கும் ஒரு கதை முளைக்கும். கைகால் கழுவிக்கொண்டே கேட்பேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசி மழையில் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயந்தரம் பாப்பா அந்தப் புத்தகத்தை என் மடியில் கொண்டுவந்து வைத்தது.

“ஒரு ஊர்ல ஒரு வாத்து...” என்று ஆரம்பித்தேன்.

“அப்டி இல்ல நைனா. வாத்தம்மா பவுடர் போட்டுக்கினு கெளம்பிச்சாம்.”

“சரி, நீயே சொல்லு.”

சொன்னது. அம்மா குரலை இழுக்கும் இடத்திலெல்லாம் அதுவும் இழுத்தது. மழையில் பஸ் நின்றுபோகும் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டது.

“இங்க அம்மா பாடும்.”

“இன்னா பாட்டு?”

“வாத்து பாட்டு.” பாடுவதற்கு வாயைத் திறந்தது. வரவில்லை. அழவும் இல்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாமியாரைக் கேட்டேன், கொழுந்தியாளைக் கேட்டேன். அவளே கட்டின பாட்டாயிருக்கும் என்றார்கள். போனிலிருந்த வீடியோவெல்லாம் போட்டுப் பார்த்தேன். கேக் வெட்டுகிறாள், கோயிலில் நிற்கிறாள், வெயில் கண்ணில் அடிக்கிறது என்கிறாள். பாடவில்லை.

பாப்பா இப்போது ஒண்ணாவது படிக்கிறது. கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. போன வாரம் நானாகத்தான் புத்தகத்தை எடுத்து, “வாத்து கதை சொல்லேன்” என்றேன். மளமளவென்று சொன்னது. வாத்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறதாம். மழைப் பக்கத்தில் நிற்கவே இல்லை.

“உங்கம்மா இப்டி சொல்லமாட்டாளே பாப்பா.”

“அம்மா எப்டி சொல்லும் நைனா?”

எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பவுடர், வளைகாப்பு, அரை டிக்கெட். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

பாப்பா சிரித்தது, முதல் தடவையாகக் கேட்பதுபோல.