ஒரே தேதியிட்ட கண்ணாடிகள்

"கொப்பருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. நீ எனக்குச் சுவரைப் பற்றிப் படிப்பிக்க வந்திட்டாய்."

சென்ற ஒக்டோபரில், கிழக்கு லண்டனில் அதிவேக ரயில் பாதையின் வேலியோரம் நின்று என் குழுத் தலைவர் இதைச் சொன்னார். அப்போது என் கையுறைக்குள் உடைந்த கண்ணாடித் துண்டுகள் மூன்று இருந்தன. அவர் என் அப்பாவின், அதாவது அந்தக் கொப்பரின், ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். நாட்டில் நடந்த போரில் ஊர் ஊராக ஓடியதில் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடமே போகவில்லை என்பதும், வீட்டில் முதலில் படித்தவள் நான்தான் என்பதும் அவருக்குத் தெரியும். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தார். எல்லாரையும் போல நானும் அவரை அண்ணை என்றே அழைத்தேன். இப்போது அழைப்பதில்லை.

புதிய பாதையைக் கருவிகள் ஓயாமல் கண்காணிக்கின்றன. அதன் பக்கத்தில் நிற்கும் நீராவிக் காலத்துச் செங்கல் சுவர்களையும் மதகுகளையும் நடைபாலங்களையும் ஆண்டுக்கொருமுறை ஆள்தான் நடந்து பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு இருவராகப் போவோம். செங்கல்லைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் அவர் கையில் இருக்கும். "பட்டதாரி அம்மா, பையைத் தூக்குங்கோ" என்பார். முட்செடி ஆரஞ்சுச் சட்டையைக் கிழிக்கும். ரயில் கடக்கும்போது காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் அந்தச் சுத்தியலை என்னிடம் தந்ததில்லை.

அந்த நடையில் ஒரு தாங்குசுவர் வரும். அதன் அடியிலுள்ள ஒடுங்கிய பாதையால்தான் பள்ளி விட்ட பிள்ளைகள் பேருந்துக்குப் போவார்கள். சுவரில் நீளமாக ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சீமெந்து வைத்து ஒட்டி, ஒட்டிய தேதியை வெள்ளை மையால் எழுதியிருப்பார்கள். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் சுவர் அசையவில்லை என்று எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

முதல் ஆண்டு, அந்தச் சுவருக்கு வந்ததும் வண்டியில் இருந்து ஏணியை எடுத்துவர என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது கண்ணாடி முழுசாக இருந்தது. அதைச் சுற்றிச் சீமெந்து ஈரமாக இருந்தது. ஏன் ஈரம் என்று கேட்டேன்.

"மழை பெய்தது தெரியாதோ?"

நம்பினேன். கையெழுத்திட்டேன்.

இரண்டாம் ஆண்டு அதே இடத்தில் என் பேனா புல்லுக்குள் விழுந்தது. தேடிக் குனிந்தபோது அந்தத் துண்டுகள் கிடைத்தன. மூன்றும் வெவ்வேறு கண்ணாடிகள்; மூன்றிலும் ஒரே தேதி, அவருடைய சாய்ந்த கையெழுத்தில். நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் இருந்த கண்ணாடியிலும் அதே தேதி. உடைய உடையப் புதியதை ஒட்டி, பழைய தேதியை எழுதி வந்திருக்கிறார். கையுறையை விரித்து அவரிடம் காட்டினேன்.

"குளிருக்குக் கண்ணாடி உடையும்தானே."

"ஒவ்வொரு முறையும் உடையுமோ, அண்ணை?"

அதற்குத்தான் அப்பாவை இழுத்தார். பிறகு படிவத்தை நீட்டினார். "இதிலை போடு. உன்ரை பரிசோதகர் பத்திரத்திலை நான் போடுறன். இல்லாட்டிப் பையைத் தூக்கிக்கொண்டே திரி."

அவர் கையெழுத்தில்லாமல் அந்தப் பத்திரம் கிடைக்காது. அது எனக்கு வேண்டும், இன்றைக்கும் வேண்டும். ஆனால் என் பெயருக்குப் பின்னால் வருவது அப்பாவின் பெயர். தன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று அப்பா என் கையெழுத்தில்தான் பார்ப்பார். அதை ஏற்கெனவே ஒரு பொய்க்குக் கீழே போட்டுவிட்டேன் என்பதுதான் அந்த வேலியோரத்தில் என்னைச் சுட்டது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவருக்கு ஓய்வுபெறும் வயது நெருங்குகிறது, விட்டுவிடு என்று குழுவில் சிலர் அன்று மாலை சொன்னார்கள். நான் விடவில்லை, அவர்மேல் இரக்கமும் வரவில்லை. மறுநாள் காலை தலைமைப் பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனேன். பிள்ளைகள் போகும் பாதையை மூடச் சொல்லி நான் எழுதிய அறிக்கை, போன ஆண்டு நான் இட்ட கையெழுத்து தவறு என்ற வரியுடன்தான் தொடங்கியது. மூன்று கண்ணாடிகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். அறிக்கையின் கீழே அப்பாவின் பெயரை ஓர் எழுத்தும் குறைக்காமல் எழுதிக் கையெழுத்திட்டேன்.